இரண்டு சுப்பிரமணியங்களும் எண்பது கட்டங்களும்

மருதப்பனுக்குத் தன் மீசையைப் பற்றியும் தான் எழுதும் புரோகிராம்களைப் பற்றியும் ஒரே கருத்துதான்: ஒரு மயிர்கூட அதிகப்படியாக இருக்கக் கூடாது. மீசை விஷயத்தில் அவன் மனைவி பாக்கியலட்சுமிக்கு மாற்றுக் கருத்து உண்டு. புரோகிராம் விஷயத்தில் மாற்றுக் கருத்துச் சொல்லக்கூடியவர்கள் அந்த 1966ஆம் ஆண்டுச் சிங்கப்பூரில் எத்தனை பேர்? எல்லோரையும் ஒரு சாப்பாட்டுக் கடை மேசையைச் சுற்றி உட்கார வைத்துவிடலாம். ஒரு நாற்காலி மிஞ்சவும் மிஞ்சும்.

அவன் வேலை பார்த்தது சிசில் ஸ்ட்ரீட்டில், நாலாவது மாடியில், மிஸ்டர் லிம் என்பவர் நடத்திய கணிப்பு நிலையத்தில். சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்க முடியாத நிறுவனங்கள் தங்கள் காகிதங்களைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வரிசைப்படுத்தி அச்சடித்த பட்டியலாக வாங்கிக்கொண்டு போகும். துணியைப் போட்டு எடுக்கிற டோபிக் கடை மாதிரி. மிஷினுக்கு வெக்கை ஆகாது என்று அறையைக் குளிரக் குளிர வைத்திருந்தார்கள். அதனால் மருதப்பன் தினமும் காலையில் ஒரு கம்பளிச் சட்டையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறுவான். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் அவன் குடியிருந்த, கீழே கடையும் மேலே வீடுமான கடைவீட்டின் மற்ற குடித்தனக்காரர்கள், அவன் ஏதோ ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்வதாகவே நம்பினார்கள். அவன் மறுக்கவில்லை. கம்ப்யூட்டர் என்று சொன்னால் பதினைந்து நிமிடம் விளக்க வேண்டும். ஐஸ் என்றால் அங்கேயே முடிந்துவிடும்.

அந்த வருஷம் வேலையாட்கள் வீட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று பாலஸ்தியர் பக்கம் பத்து மாடிக் கட்டடம் கட்டியது. வீடு நூற்றிருபது. விண்ணப்பம் இரண்டாயிரத்து முன்னூறு. யாருக்கு என்று குலுக்கிப் போட்டு எடுப்பதாக ஏற்பாடு. இதில் சங்கத்துக்கு ஒரு தலைவலி. சில புத்திசாலிகள் ஒரே பெயரில் இரண்டு மூன்று படிவம் போட்டிருந்தார்கள். அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடித்து, ஆளுக்கு ஒரு படிவம் மட்டும் விட்டுவைக்க வேண்டும். அந்த வேலை மருதப்பனிடம் வந்தது.

ஒரு விண்ணப்பத்துக்கு ஓர் அட்டை. ஓர் அட்டைக்கு எண்பது கட்டம். ஒரு கட்டத்தில் ஓர் எழுத்தைத் துளையாகப் போடலாம். மிஷினின் நினைவில் கொள்ளும் எழுத்துகள் மொத்தம் நாலாயிரம். கல்யாணப் பத்திரிகையோடு இரண்டு வாழ்த்து மடலைச் சேர்த்தால் நிரம்பிவிடும். அந்த இடத்துக்குள் யோசிப்பது மருதப்பனுக்குப் பிடிக்கும். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் எழுதுவான், அழிப்பான், பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பான். நூறு கட்டளையில் முடிகிற காரியத்தைத் தொண்ணூறில் முடித்த அன்று வீட்டுக்கு வரும்போது நடையிலேயே தெரிந்துவிடும்.

இந்தப் புரோகிராம் அவனுக்கே ஆச்சரியமாக அமைந்தது. அட்டைகளைப் பெயர் வரிசையில் அடுக்கு. அடுத்தடுத்த இரண்டு அட்டைகளில் பெயர், தகப்பன் பெயர், விலாசம் மூன்றும் ஒன்றாக இருந்தால் இரண்டாவதை, கழித்த அட்டைகள் விழும் மூன்றாம் தட்டில் தள்ளு. தள்ளப்பட்டவருக்கு ஒரு கடிதம் அடி. அவ்வளவுதான். அடையாள அட்டை எண்ணை நம்ப முடியாது. அந்த வருஷம் அட்டைகளையே மாற்றிக்கொண்டிருந்தார்கள், பாதிப் பேர் பழைய எண்ணையும் மீதிப் பேர் புது எண்ணையும் எழுதியிருந்தார்கள். பிறந்த வருஷத்துக்கு அட்டையில் இடமில்லை. அதை எடுத்துவிட்டான்.

அட்டைகளில் துளையிடும் பிரிவுக்குத் தலைவியாக இருந்த நூருன்னிசா அப்போதே கேட்டாள். "மருதண்ணே, படிவத்துல பொறந்த வருஷம் இருக்கே, அடிக்க வேணாமா?"

"எதுக்கு நூரு? வீடுதானே கேக்குறாங்க, பொண்ணா கேக்குறாங்க?"

அவள் சிரிக்கவில்லை. மருதப்பன் தன் நகைச்சுவையை ரசித்துத் தானே சிரித்துக்கொண்டான். அது அவன் வழக்கம்தான்.

இடமில்லை என்றது முழு உண்மையும் இல்லை. அட்டையின் கடைசி எட்டுக் கட்டங்களில் எந்த வேலை என்று அடையாளம் போடுவது வழக்கம். கோயில் தூணின் அடியில் உபயதாரர் பெயர் வெட்டுவது போல மருதப்பன் அதில் தன் பெயரை ஆங்கிலத்தில் போட்டிருந்தான். எட்டில் அடங்காமல் 'மருதப்' என்று பாதியில் நின்றது. இரண்டாயிரத்து முன்னூறு அட்டைகளிலும் மருதப், மருதப், மருதப்.

குலுக்கல் சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரவேற்பு மேசையிலிருந்து கூப்பிட்டார்கள். மிஷினைப் பார்க்க வேண்டும் என்று ஒரு தமிழ்ப் பெண் வந்து உட்கார்ந்திருப்பதாகவும், போ என்றால் போகமாட்டேன் என்பதாகவும்.

மருதப்பன் கம்பளிச் சட்டையோடு வெளியே போனான். இருபது இருபத்தொரு வயது இருக்கும். கழுத்தில் மஞ்சள் இன்னும் வெளுக்காத தாலிக் கயிறு. கையில் அவன் புரோகிராம் அடித்த கடிதம், நாலாக மடித்து, வியர்வையில் நனைந்து.

"என்னம்மா வேணும்?"

"சங்கத்துல கேட்டேன்ணே. நாங்க ஒண்ணும் பண்ண முடியாது, மிஷின் சொல்லிருச்சுன்னாங்க. அதான் மிஷின்கிட்டயே கேக்கலாம்னு வந்தேன்."

"அது யார்கிட்டயும் பேசாதும்மா."

"கடுதாசி மட்டும் போடுது?"

மருதப்பன் உட்கார்ந்துவிட்டான். அவள் பெயர் சரஸ்வதி. கடிதத்தை வாங்கிப் பார்த்தான். தாங்கள் ஏற்கனவே ஒரு விண்ணப்பம் கொடுத்திருப்பதால் இரண்டாவது விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்படுகிறது. அவன் எழுதிய வாசகம்தான். எழுதியபோது நறுக்கென்று இருப்பதாகப் பட்டது.

"உங்க வீட்டுக்காரர் ரெண்டு தடவை போட்டிருக்காரும்மா."

"ஒரு தடவதான். இன்னொண்ணு பெரியவர் போட்டது. அவரு அவங்க சம்சாரத்துக்கும் அவருக்கும் கேட்டாரு. இவரு எங்களுக்குக் கேட்டாரு."

"உங்க வீட்டுக்காரர் பேரு?"

அவள் சுவரைப் பார்த்தாள். "அதுலயே இருக்கு."

இருந்தது. மாணிக்கத்தின் மகன் சுப்பிரமணியம், நோரிஸ் ரோடு.

"சரி, பெரியவர் பேரு?"

"அதுவும் அதுலயே இருக்கு."

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரா?"

"இவரு அவருக்குப் பேரன்ணே. தாத்தா பேர வைக்காம வேற யார் பேர வைப்பாங்க?"

"தகப்பன் பேரு?"

"பெரியவரோட அப்பா பேரத்தான் எங்க மாமனாருக்கு வச்சிருக்கு. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதா? நீங்க தமிழாளுதானே?"

அந்தக் குளிரிலும் மருதப்பனுக்குக் காது சுட்டது. அவன் இராமசாமியின் மகன் மருதப்பன். அவன் தாத்தாவும் இராமசாமியின் மகன் மருதப்பன்தான். இந்தப் புரோகிராமை லண்டனிலிருந்து வந்த வெள்ளைக்காரன் எழுதியிருந்தால், பாவம், அவனுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிடலாம். தன் தாத்தாவின் பெயரையே சட்டை மாதிரி மாட்டிக்கொண்டு திரிகிற ஒருவன், ஒரே விலாசத்தில் ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் அது திருட்டுத்தனம் என்று மிஷினுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

"வீட்டுல எத்தனை பேரும்மா?"

"ரெண்டு ரூம்ல ஒம்போது பேரு. கல்யாணமாகி எட்டு மாசம். நான் மாமியாரோட, நாத்தனாருங்களோட உள்ள படுத்துக்குவேன். இவரு கீழ அஞ்சடிப் பாதையில கேன்வாஸ் கட்டில்ல." கடைகளுக்கு முன்னால், கூரைக்குக் கீழே, ஊரே நடந்து போகிற பாதை அது. "பேசணும்னா ஃபேரர் பார்க் திடலுக்குப் போவோம். பந்தடிக்கிறத பாக்குற மாதிரி உக்காந்து பேசிட்டு வந்துருவோம். மழ வந்தா பேச்சு இல்ல."

கடைசி வாக்கியத்தை ஒரு குறையாகக்கூடச் சொல்லவில்லை. மழை வந்தால் துணி காயாது என்பதுபோல் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பாக்குறேம்மா" என்றான்.

"நீங்க பாப்பீங்க. மிஷின் பாக்குமா?" என்று கேட்டுவிட்டு எழுந்தாள்.

அன்று இராச் சாப்பாட்டின்போது மருதப்பன் எல்லாவற்றையும் பாக்கியலட்சுமியிடம் சொன்னான். சொல்லும்போது தன் தவறைக் கொஞ்சம் சின்னதாகவும் மிஷினைக் கொஞ்சம் பெரியதாகவும் வைத்துக்கொண்டான்.

"அப்ப உங்க மிஷினுக்கு வயசு பாக்கத் தெரியாதாக்கும்?"

"தெரியும். நாந்தான் எடுத்துட்டேன். எடமில்ல."

"ரூம் அளவு பெரிசுன்னீங்க. அதுல மனுசனுக்கு வயசு வைக்க எடமில்லயா?"

மருதப்பன் கோஸ் பொரியலில் மிகுந்த அக்கறை காட்டினான்.

"எங்கண்ணனுக்கும் தாத்தா பேருதான்" என்றாள் அவள். "எங்கம்மா மாமனார் பேரச் சொல்லக் கூடாதுன்னு அவன ஒருநாளும் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. பெரியவனேம்பாங்க. அப்பாவ எப்பவும் போல ஏங்கம்பாங்க. எங்க வீட்டுல யாருக்கும் பேரே தேவப்படல. ஒருநாள்கூட ஆளு மாறினது கிடையாது."

"ஒண்ணும் பெரிய விஷயமில்ல. நாளைக்கு அந்தப் பொண்ணோட அட்டைய மட்டும் எடுத்து உள்ள சொருகிட்டா முடிஞ்சுது. யாருக்கும் தெரியாது."

பாக்கியலட்சுமி ரசத்தை ஊற்றினாள். "மிஷினத் தேடிக்கிட்டு வந்தவளுக்குச் சொருகிருவீங்க. வராதவங்களுக்கு?"

அவன் ரசத்தை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு எழுந்தான். இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை அவன் மூன்றாம் தட்டின் அட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டான். மொத்தம் அறுபத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் அசல் படிவத்தைத் தேடி எடுத்துக் கையெழுத்தையும் பிறந்த வருஷத்தையும் ஒப்பிட்டான். நாற்பத்து நாலு பேர் அசல் கில்லாடிகள். ஒருவர் இரண்டு படிவத்தையும் இரண்டு நிற மையில் எழுதியிருந்தார். அவர்களைப் பிடித்ததில் மருதப்பனுக்கு இப்போதும் பெருமைதான். மீதிப் பதினேழு பேர் கில்லாடிகள் இல்லை. தாத்தா–பேரன் இன்னும் மூன்று ஜோடி. ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து தங்கும் ஒரு கடைவீட்டிலிருந்து இரண்டு நாகூர் கனிகள். இருவருக்கும் வாப்பா பெயர் ஹனீபா. ஒருவருக்கு ஐம்பத்தொன்று, மற்றவருக்கு இருபத்தொன்பது. இருவருமே ஊரிலிருந்து மனைவியைக் கூட்டிவரத்தான் வீடு கேட்டிருந்தார்கள். அதே மாதிரி சீனர்கள், மலாய்க்காரர்கள். பதினேழு பேருக்கும் அந்த நறுக்கென்ற கடிதம் போயிருந்தது. சரஸ்வதியைத் தவிர ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. மிஷின் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கடிதத்தை மடித்து வைத்துவிட்டார்கள்.

அந்தப் பதினேழு படிவங்களையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு மருதப்பன் வெகுநேரம் பார்த்தான். புரோகிராம் எழுதும்போது எழுத்துகளையும் கட்டங்களையும்தான் பார்த்திருந்தான். ஒரு தாளின் ஓரத்தில் குழம்புக் கறை இருந்தது. ஒன்றில் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை. முகம் தெரியாத இத்தனை பேர் ஆளுக்கொரு தாளை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவனோ தாளை வாங்கும்போது நிமிர்ந்தே பார்க்கவில்லை.

முதலாளி லிம்மிடம் போனான். லிம் முழுவதையும் கேட்டுவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, சிங்கப்பூர் 'லா' சேர்த்த ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். "மாரு, வெள்ளிக்கிழமை இரண்டு கம்பெனிக்காரர்கள் நம் வேலையைப் பார்க்க வருகிறார்கள். உன் புரோகிராமைத்தான் காட்டப்போகிறேன். அந்தப் பதினேழு அட்டையைச் சத்தமில்லாமல் உள்ளே வை லா. போதும்."

"பதினேழு பேருக்கும் கடிதம் போயிருக்கிறது, சார். தள்ளுபடி என்று படித்தவர்கள் சனிக்கிழமை வரமாட்டார்கள். தப்பு என்று யாராவது போய்ச் சொல்ல வேண்டும்."

"யார் தப்பு என்று சொல்வாய்?"

"அதில்தான் சந்தேகமே இல்லையே, சார்" என்றான் மருதப்பன். "எல்லா அட்டையிலும் என் பெயர் இருக்கிறது."

லிம் சிரிக்கவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. வந்தவர்களுக்கு வேறு ஒரு புரோகிராமைக் காட்டினார். மூத்த பதவி தருவதாகச் சொல்லியிருந்த பேச்சை அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு எடுக்கவில்லை.

சங்கத்தின் செயலாளர் அஹமது கபீர் கறாரான மனிதர். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பார், மூன்றும் எழுதும். மருதப்பன் சொன்னதைக் கேட்டதும் ஒரு பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மறுபடி மூடினார்.

"மிஷின் தப்பே பண்ணாதுன்னுதானே தம்பி சொன்னீங்க?"

"மிஷின் பண்ணல, பாய். நாந்தான் பண்ணேன். நான் சொன்னதத்தான் அது செஞ்சிருக்கு. நான் சொன்னது தப்பு."

"மிஷின் சொல்லிருச்சு, மிஷின் சொல்லிருச்சுன்னு எத்தனை தடவ வெரட்டியிருக்கேன் தெரியுமா? அந்தப் பொண்ணு மூணு தடவ வந்துச்சு. மூணு தடவையும் வெரட்டுனேன்." பேனா மூடியை மறுபடி கழற்றினார். பிறகு, "விலாசத்தக் கொடுங்க. கடுதாசி வேணாம். நானே ஆளவச்சு வீடு வீடாச் சொல்லிடறேன்" என்றார்.

பதினேழு அட்டையைக் கையால் உள்ளே வைத்தால் இந்தக் குலுக்கலுக்குப் போதும். அடுத்த குலுக்கலிலும் தாத்தாக்களுக்குப் பேரன்கள் இருப்பார்கள். மருதப்பன் புரோகிராமை மறுபடி எழுத உட்கார்ந்தான். பெயர், தகப்பன் பெயர், விலாசம், பிறந்த வருஷம் நாலும் ஒன்றாக இருந்தால்தான் மூன்றாம் தட்டு. அப்போதும் தள்ளிவிடக் கூடாது. ஒரு பட்டியலில் அச்சடித்து, படிவத்தை மனுஷக் கண்ணால் பார் என்று சொல்ல வேண்டும். கட்டளைகள் முப்பத்தாறு கூடின. மீசை கொஞ்சம் காடாகத்தான் போயிற்று.

அப்புறம் நூருன்னிசாவிடம் போனான்.

"நூரு, பொறந்த வருஷம் சேத்துப் புது அட்டை அடிக்கணும். ரெண்டாயிரத்து முன்னூறு அட்டைக்கும்."

"ஏண்ணே, பொண்ணு கேக்குறாங்களா?"

"திட்டணும்னா திட்டிக்க. நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள முடியுமா?"

"நாங்க மூணு பேரு இருக்கோம். முடிச்சுருவோம். எடம் எங்க இருக்கு? அட்ட நெறஞ்சுதானே கெடக்கு?"

மருதப்பன் ஓர் அட்டையை எடுத்து அதன் வால் பக்கத்தைக் காட்டினான். நூருன்னிசா குனிந்து பார்த்தாள். அவள் ஆறு வருஷமாகத் துளைகளைப் படிப்பவள். எழுத்துக் கூட்டாமலே தெரிந்துவிட்டது.

"ஏண்ணே! உங்க பேருக்கு எட்டுக் கட்டம் இருந்துச்சு, அவங்க வயசுக்கு நாலு கட்டம் இல்லயாக்கும்?"

"அதான் எடுக்கச் சொல்றேன்ல."

"எட்டையுமா?"

"எட்டையும்."

அவள் அதை அந்தப் பிரிவு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். வியாழக்கிழமை பூராவும் அவர்களில் யார் எதிரே வந்தாலும் "குட் மார்னிங் மிஸ்டர் மருதப்" என்றார்கள். மருதப்பன் அதைக் குளிருக்குப் போர்த்திக்கொள்வது போல வாங்கிப் போர்த்திக்கொண்டான். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மிஷின் புதுப் பட்டியலை அச்சடித்து முடித்தது. முதல் வேலையாக அவன் தேடியது நோரிஸ் ரோடு. சுப்பிரமணியம் 1898. அதற்கு அடுத்த வரி, சுப்பிரமணியம் 1942. ஒருவர் மேல் ஒருவராக, ஒரே வீட்டில் இருப்பதுபோல் இருந்தார்கள்.

சனிக்கிழமை புதுக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே குலுக்கல். தூண்களுக்கு நடுவே நாற்காலி போட்டிருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் நின்றார்கள். மருதப்பன் பாக்கியலட்சுமியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தான். தான் வந்தது பட்டியல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க என்றான். யார் கேட்டது என்று அவள் கேட்கவில்லை.

கபீர் தகரப் பீப்பாயைச் சுற்றி, கையை விட்டு ஒரு வில்லையை எடுத்து, அதிலுள்ள எண்ணுக்குப் பட்டியலில் என்ன பெயர் என்று படித்தார். நூற்றிருபது தடவை இதைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எங்கோ ஒரு மூலையில் கூச்சல் எழுந்தது. நாற்பதாவது பெயர், ஐம்பதாவது பெயர். இளைய நாகூர் கனிக்குக் கிடைத்தது; மூத்த நாகூர் கனி அவரைக் கட்டிப்பிடித்தார். எண்பது தாண்டியது. சரஸ்வதி ஒரு தூணோரம் மாமியாரோடு நின்றுகொண்டு, முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். மருதப்பனும் தன்னையறியாமல் கம்பளிச் சட்டையை அதே மாதிரி செய்துகொண்டிருந்தான். குளிரறைக்குப் போகாத நாளில் அதை எதற்குக் கொண்டுவந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

தொண்ணூற்று மூன்றாவது வில்லை.

"மாணிக்கத்தின் மகன் சுப்பிரமணியம்! நோரிஸ் ரோடு!"

இரண்டு பேர் எழுந்தார்கள். முன் வரிசையில் தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர், பின்னால் துறைமுகச் சீருடையோடு வந்திருந்த இளைஞன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டுப் பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தப் பெயரை யாராவது இவ்வளவு உரக்கச் சொல்லி அவர்கள் கேட்டதே இல்லை.

"எந்தச் சுப்பிரமணியம் பாய்?" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் சிரித்தது.

கபீர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வரியின் கடைசிக்கு விரலை நகர்த்தினார். போன வாரம்வரை அந்த இடத்தில் ஒன்றும் இருந்திருக்காது. போன வாரம்வரை அந்த வரியே இருந்திருக்காது.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு!"

பெரியவர் திரும்பிப் பேரனைப் பார்த்தார். "அப்ப நீதாண்டா. போய் வாங்கிக்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சற்று நேரம் கழித்து, "நமக்கெதுக்கு லிஃப்ட்டெல்லாம்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். குலுக்கல் முடியும்வரை இருந்தார். அவர் எண் வரவில்லை.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில் வானம் இருட்டி, பாலஸ்தியர் பக்கத்து மழை சொல்லாமல் கொள்ளாமல் கொட்டத் தொடங்கியது. கட்டடத்தை விட்டு யாரும் வெளியே போக முடியவில்லை. சரஸ்வதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மருதப்பனிடம் வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்து, பெருந்தன்மையான பதில் ஒன்றை அவன் தயார் செய்துகொண்டான்.

"அண்ணே" என்றாள். மழையைக் காட்டினாள். "இனிமே மழ வந்தாலும் பேசலாம்."

அவன் தயார் செய்த பதில் எதற்கும் உதவவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். அவள் போய்விட்டாள், லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் அவள் புருஷன் சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏங்க!"

பெண் குரல். அந்தக் கீழ்த்தளத்தில் மழைக்கு ஒதுங்கி நின்ற புருஷன்மார் நூறு பேராவது இருப்பார்கள். அத்தனை பேர் மனைவிமாரும் அவர்களை ஏங்க என்றுதான் கூப்பிடுவார்கள். தொண்ணூற்றொன்பது பேர் திரும்பவில்லை.

மருதப்பன் திரும்பினான். பாக்கியலட்சுமி குடையை விரித்து வைத்துக்கொண்டு, அதில் அவனுக்கு இடம் விட்டு நின்றாள்.